திருவிழா முறையும் இசையாய்வு மாநாடும்

தஞ்சை மாநகரில் 1912 மே 27ஆம் நாள் கூடிய இசை மாநாடு, பாடக் கேட்டு மகிழ்தற்கு மட்டுமே கூட்டப்பட்டதன்று. ஒரு ஸ்தாயியில் அடங்கும் சுருதிகள் எத்துணை என்னும் வினாவைப் பலரறிய ஆய்ந்து முடிவு காண்டலே, அதனைக் கூட்டிய ஆபிரகாம் பண்டிதரின் தலையாய நோக்கமாகும். அவர் நிறுவிய சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தின் சார்பில் 1916 வரை இத்தகைய மாநாடுகள் ஏழு நிகழ்ந்தன. அவற்றின் முடிபுகளை அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். ஆயின் அவற்றிற்கு வேண்டிய ஆயத்தம் எத்தகையது, அவற்றின் சுமையைத் தாங்கினோர் யாவர் என்பன அத்துணைக் கருதப்பெறவில்லை. இதனை விளக்கச் சோழநாட்டு ஊர்களில் வழிவழி நிலவிய விழா முறையை முதற்கண் நோக்குதல் வேண்டும்.

திருவாரூருக்கும் நாகப்பட்டினத்திற்கும் இடையே அமைந்த கீழ்வேளூர் அப்பரும் சம்பந்தரும் பாடிய பதி. கேடிலியப்பர் எழுந்தருளியுள்ள கோயில் மாடக்கோயில் வகையைச் சார்ந்தது. 1991 வரை தஞ்சை மாவட்டத்தில் அடங்கியிருந்த இவ்வூர் போன்ற நெல்விளை ஊர்களில் திருவிழா தனியொருவர் செயலன்று. மண்டகப்படி ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்திற்கோ, ஒரு தெருவினர்க்கோ, ஒரு தொழிலினர்க்கோ உரியதாய் வரும். இசைக்கும் அவ்வாறே பங்குண்டு. ஓதுவார்க்குக் கட்டளையும், பெரியமேளத்தார்க்கு மானிய நிலமும், எவர் எந்நாள் வாசிப்பது என்னும் முறையும் வகுக்கப்பட்டிருந்தன. புறப்பாட்டிற்கு மல்லாரி என்பது யாரும் சொல்லித் தெரியவேண்டிய செய்தியன்று. சுமை பலர் தோளிற் பரந்தமையால் விழா தலைமுறை கடந்தும் நின்றது. பங்கு எல்லார்க்கும் இருந்ததென மயங்கலாகாது. 1939, 1947ஆம் ஆண்டுகளின் ஆலய நுழைவுச் சட்டங்கள் வருமுன், அந்நெல்லை விளைவித்த உழவருள் பெரும்பகுதியினர் கோயில் வாயிலுக்குப் புறத்தேயே நிற்க நேர்ந்தது.

இம்முறையில் இசை தொண்டாக நிகழ்ந்தது. வினாவுக்கு அங்கே இடமில்லை. இராகத்தின் ஒரு சுரம் எவ்விடத்தில் நிற்கிறது என்று தேரடியில் நின்று நாகசுரக்காரரை வினவுவார் யார்? வினவினும், குருவழிக் கல்வியே விடையாக வரும்.

பண்டிதர் இம்முறைக்குப் புறம்பானவர். தென்காசிப் பகுதியிலுள்ள சாம்பவர் வடகரையில் 1859இல் பிறந்த கிறித்தவர் அவர். தஞ்சையில் ஆசிரியராயிருந்து, பின்னர்ச் சித்த மருத்துவத்தாற் பெரும்பொருள் ஈட்டினார். கோயிலிசையில் மரபுவழிப் பங்கில்லாத அவர் அதற்கு வெளியே புதியதோர் அவையை அமைக்க நேர்ந்தது. வீணை, வாய்ப்பாட்டு, நாகசுரம் ஆகியவற்றில் வல்லாரும், நூலறிவுடையாரும், கணக்கறிந்தாரும் ஒருங்கிருந்து பேசும் வழக்கம் அந்நாளில் அரிது. பாடுவோர் செவியை நம்பினர். நூலோர் சார்ங்கதேவரை நம்பினர். கணக்கறிந்தார் எண்ணை நம்பினர். இம்மூவர்க்கும் பொதுவான அளவுகோல் ஒன்றை முன்வைத்தலே பந்தலினும் விருந்தினும் பெரிய ஆயத்தம்.

அவ்வளவுகோலின் இயல்பைச் சிறிது விரித்துரைத்தல் தகும். குரலுக்கு இளி ஒன்றரை மடங்கு என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. இளி முறையால் பன்னிருகால் ஏறிச் சென்றால், வட்டப்பாலையின் பன்னிரண்டு இராசிகளையும் சுற்றித் தொடங்கிய குரலிலேயே வந்து சேர்தல் வேண்டும். ஆனால் ஒன்றரையைப் பன்னிருகால் பெருக்க ஏறத்தாழ 129.75 வருகிறது, ஏழு ஸ்தாயி மேலுள்ள குரலோ 128. வட்டம் மூடவில்லை. இப்பிழை கணக்கிலுள்ளதா, இயற்கையிலுள்ளதா? ஒன்றரை என்னும் அளவே திருத்தத்தக்கது என்றும், ஸ்தாயியைச் சமமாகப் பகுத்தலே பழந்தமிழர் முறை என்றும் பண்டிதர் கொண்டார். சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் சான்றாகக் காட்டி, சுருதி இருபத்திரண்டு என்னும் கொள்கையை மறுத்து, இருபத்துநான்கு என நிறுவ முயன்றார். சமப்பகுப்பு இளங்கோவடிகள் காலத்ததே என்பதற்கு நூற்சான்று போதாது என்பது என் கருத்து. எனினும் கொள்கையை வீணைத் தந்தியின் அளவாக்கி, வாசிப்போரும் கேட்போரும் தம் செவியால் ஆராயுமாறு அவைமுன் வைத்த நெறி பாராட்டற்குரியது. கேட்க வந்தவர் அங்கே சோதிப்பவராகவும் ஆயினர்.

பரோடாவில் 1916 மார்ச்சில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டிற்கும் அவர் இந்நெறியோடே சென்றார். அங்கே அவர் மகள் மரகதவல்லி வீணையில் இசைத்துக் காட்டினார். கிளமெண்ட்ஸ் என்பார் இருபத்திரண்டு சுருதிக் கொள்கைவழி அமைந்த ஆர்மோனியத்தை அதே அவையில் முன்வைத்தமையால், இரு கொள்கைகளும் கருவிகளின் வாயிலாகவே எதிரெதிர் நின்றன. அடுத்த ஆண்டு பண்டிதரின் கருணாமிர்த சாகரம் அவர்தம் லாலி அச்சுக்கூடத்தில் அச்சாயிற்று.

1919இல் பண்டிதர் மறைந்தார். அவர் கூட்டிய மாநாடுகள் அவருக்குப்பின் தொடரவில்லை. ஆய்வின் குறைபாடு இதற்குக் காரணமன்று. அழைப்பும் செலவும் அச்சும் அவர் ஒருவர் மேலேயே நின்றன. மண்டகப்படி போல் பிறர் தமதெனக் கொள்ளும் பங்கு அதில் வகுக்கப்படவில்லை.

திருவையாற்றுத் தியாகராசர் ஆராதனையை இதனோடு ஒப்பிடலாம். அது பெரிய கட்சி, சின்னக் கட்சி எனப் பிரிந்தது. மகளிர் விலக்கப்பட்டமையால் பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்க்கெனத் தனி விழாவும் நடத்தினார். 1940 அளவில் அனைத்தும் ஒன்றாயின. பூசல் இருந்தும் விழா நின்றமைக்குக் காரணம், பாடுவோர் ஒவ்வொருவரும் தம் பாட்டையே காணிக்கையாக்கிப் பங்காளியானமை போலும். ஆயினும் அது வழிபாடே, ஆய்வன்று.

ஆய்வும் பங்கும் ஓரளவு ஒருங்கு கூடியது பின்னரே. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1941இல் தமிழிசை மாநாடு கூடிற்று. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. அச்சங்கம் 1949இல் தொடங்கிய பண்ணாராய்ச்சிக் கூட்டங்களில் ஓதுவார் பாட, புலவரும் இசைவாணரும் பண்ணின் சுரநிலையை ஆய்ந்தனர். கோயிலில் முறைப்படி பாடிவந்தவரே அவ்வவையில் சான்றாளரும் ஆனார். கீழ்வேளூர் போன்ற ஊர்களின் ஓதுவார் கட்டளைகளையும் மேளக்காரர் மானியங்களையும் கோயிற் கணக்குகளிலிருந்து தொகுத்து அப்பண்ணாராய்ச்சியின் முடிபுகளோடு ஒப்புநோக்கினால், ஒரு பண் இவ்வூரில் ஒருவாறும் அவ்வூரில் வேறொருவாறும் பாடப்பட்டமைக்குக் காரணம் குருவழியா, கோயில் வழக்கா என்பதை ஓரளவேனும் பிரித்தறிதல் கூடும்.