குறைப்பட்டு வரும் பெரும்படங்கள்

மறைந்த பெரியவரின் நிழற்படத்தை நினைவு நாளுக்கெனப் பெருப்பித்து வீட்டிலே அச்சிடுகையில், படம் பாதியில் நின்றால் விலைமிக்க தாளும் மையும் வீணாகும், நாளும் நெருங்கிவிடும். ஆகவே, மறுமுறை அச்சிடுமுன் குறையின் வடிவத்தை நோக்குதல் வேண்டும். காரணத்தைக் காட்டுவது அதுவே.

ஓரம் வெட்டுண்டிருப்பின், பிழை அளவிலே உள்ளது. ஏ3 தாள் 297க்கு 420 மில்லிமீற்றர். பல கமராக்களின் படமோ 2க்கு 3 என்னும் விகிதமுடையது. அது தாளின் அகலத்தை நிரப்பினால், நீளத்தில் ஏறக்குறைய 25 மில்லிமீற்றர் வெளியே போய்விடும். படத்தைத் தாளுக்குள் அடக்கினால், பக்கங்களிற் சிறிது வெண்மையுடன் முழுப்படமும் கிடைக்கும். கணினியிலும் அச்சுப்பொறியிலும் குறித்த தாளளவு ஒன்றாயிருத்தலும் அவசியம்.

படம் நடுவிலே நின்றுவிடின், அதே படத்தைச் சிறு தாளில் அச்சிட்டுப் பார்க்கலாம். அது முழுமையாக வந்தால், தரவின் பெருக்கமே தடையெனக் கொள்ளலாம். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், ஏ3 படமொன்றில் ஏறக்குறைய 1 கோடியே 74 இலட்சம் புள்ளிகள் உள்ளன. காத்திருக்கும் அச்சுப்பணிகளை அழித்து, கணினியின் சேமிப்பில் இடமுண்டாக்கி, கம்பியில்லாத் தொடர்புக்குப் பதிலாகக் கம்பிவழி இணைத்தல் நன்று.

படத்திலே வெண்கோடுகள் ஓடினாலோ ஒரு நிறம் மறைந்தாலோ, மைத்துளைகள் அடைபட்டிருக்கக்கூடும். சாதாரணத் தாளிற் சோதனை அச்செடுத்து, ஓரிரு முறை துப்புரவு செய்தல் போதும். அளவுமீறிய துப்புரவும் மையையே விழுங்கும்.

சிறு தாளிற் சோதித்தறிந்த பின்னரே பெருந்தாளை இடுதல் சிக்கனமாகும்.