டிரம்மில் அளக்கும் குதிரைத்திறன்

கோயம்புத்தூர் மாவட்டத்தின் நெகமம், கிணத்துக்கடவு, சுல்தான்பேட்டை பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் போர்வெல் மோட்டார் எரிந்துபோகிறது. காயில் கட்டும் கடைக்குப் போய்த் திரும்பி வருகிறது. இப்போது இது எத்தனை ஹெச்.பி.? பிளேட்டில் 7.5 என்று பொறித்திருக்கும். காயில் கட்டியவர் ‘பத்தே இழுக்கும்’ என்பார். மின்வாரிய அட்டையில் 5 என்று இருந்தாலும் வியப்பில்லை. மூன்றில் ஒன்றுகூட அளந்து சொன்ன எண் அல்ல. பிளேட்டில் உள்ளது, சூடேறிக் கெடாமல் இவ்வளவு சுமை தாங்குவேன் என்று கம்பெனி பழைய காயிலுக்குக் கொடுத்த உறுதி. அந்தக் காயில்தான் எரிந்துபோய்விட்டதே. குதிரைத்திறன் மோட்டாருக்குள் நிரப்பி வைத்திருக்கும் பொருள் இல்லை. பம்பும் அதன் தலைமேல் நிற்கும் தண்ணீரும் அந்த நேரத்தில் எவ்வளவு கேட்கின்றனவோ அவ்வளவைத்தான் மோட்டார் கொடுக்கிறது. ஆகவே அதைத் தேட வேண்டிய இடம் தண்ணீர் வந்து விழும் குழாயின் வாய்.

குதிரைத்திறன் என்ற அளவும் தண்ணீரோடு நெருங்கிய உறவுள்ளதுதான். சுரங்கங்களில் தண்ணீர் இறைத்த நீராவி எந்திரங்களைச் செய்து விற்ற ஜேம்ஸ் வாட், நிமிடத்துக்கு 33,000 பவுண்டை ஓரடி தூக்குவது ஒரு குதிரையின் வேலை என்று வகுத்தார். இன்றைய கணக்கில் அது 746 வாட். தோட்டத்துக்குப் பொருந்தச் சொன்னால், நொடிக்கு 76 லிட்டர் தண்ணீரை ஒரு மீட்டர் உயர்த்துவது ஒரு ஹெச்.பி. 200 லிட்டர் டிரம் ஒன்றைக் குழாயடியில் வைத்து நேரம் பாருங்கள். 100 நொடியில் நிரம்பினால் நொடிக்கு 2 லிட்டர். தண்ணீர் 90 மீட்டர், அதாவது ஏறக்குறைய 300 அடி ஆழத்திலிருந்து ஏறுகிறதென்றால் 2-ஐ 90-ஆல் பெருக்கி 76-ஆல் வகுக்க வேண்டும். விடை 2.4 ஹெச்.பி. வெளியே வந்த தண்ணீரில் உள்ள திறன் இவ்வளவுதான். பிளேட்டில் என்ன பொறித்திருந்தாலும் இது மாறாது.

இந்தக் கணக்கில் பலர் தவறுவது ஆழத்தில். ஆயிரம் அடி போர், அறுநூறு அடியில் மோட்டார் என்றால் ஏற்றம் ஆயிரமும் அல்ல, அறுநூறும் அல்ல. மோட்டார் ஓடும்போது போருக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ, அங்கிருந்துதான் எண்ண வேண்டும். ஓடாதபோது பார்த்த மட்டமும் உதவாது. ஓட ஓட அது இறங்கும். டெலிவரி பைப்போடு சேர்த்து ஒரு மெல்லிய குழாயையும் உள்ளே இறக்கியிருந்தால், சைக்கிள் பம்பால் காற்றடித்து, பிரஷர் கேஜ் ஒரு கிலோ காட்டினால் குழாயின் நுனிக்கு மேல் 10 மீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று கண்டுகொள்ளலாம். பைப்புக்குள் ஏற்படும் உராய்வும் ஏற்றத்தோடு சேரும். நீளமான, குறுகிய பைப்பில் அது லேசான கணக்கு அல்ல. போர் போடும்போது ‘இத்தனை இஞ்சுத் தண்ணி’ என்று சொல்வதிலும் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. செங்கோண V வெட்டுள்ள தகட்டில் அளந்தால், இரண்டு இஞ்சு என்பது ஓரிஞ்சின் இரு மடங்கு அல்ல, ஐந்தரை மடங்குக்கும் மேல்.

தண்ணீரில் 2.4 ஹெச்.பி. இருக்க, மோட்டார் உள்ளே வாங்குவது எவ்வளவு? எலக்ட்ரீஷியன் டாங் டெஸ்டரை வயரில் மாட்டி ‘பத்து ஆம்பியர் இழுக்குது’ என்பார். ஆம்பியரைப் பார்த்தே ஹெச்.பி. சொல்லிவிடலாம் என்பது ஊரில் நிலவும் நம்பிக்கை. அதில் பாதி உண்மை உண்டு. மூன்று ஃபேஸில் 400 வோல்ட், 10 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.8 என்றால் உள்ளே போவது 5,500 வாட்டுக்குச் சற்று மேல், அதாவது 7.4 ஹெச்.பி. பவர் ஃபேக்டர் 0.6 ஆக இருந்தால் அதே 10 ஆம்பியரில் போவது 5.6 ஹெச்.பி. மட்டுமே. சுமையே இல்லாமல் சுற்றும் மோட்டாரும், இரும்பைக் காந்தமாக்குவதற்கென்றே கணிசமான ஆம்பியரை இழுக்கும். காயிலில் சுற்று குறைந்துவிட்டால் இந்த வீண் ஆம்பியர் இன்னும் ஏறும். டெஸ்டரில் அதிகம் காட்டுவதால் மோட்டாருக்குப் பலம் கூடிவிட்டதாக எண்ணுவது அங்கேதான் தவறிப்போகிறது. மேலே சொன்ன தோட்டத்தில் 7.4 உள்ளே போய் 2.4 வெளியே வருகிறது. மிச்சத்தில் ஒரு பகுதி காயிலிலும் இரும்பிலும் சூடாகிறது. பெரும்பகுதி தேய்ந்த இம்பெல்லரிலும் பைப்பிலும் தொலைகிறது.

‘அதெப்படி? நம்ம ஆள் கட்டின காயிலில் தண்ணி கூடியிருக்கிறதே’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்வதாக நினைக்க வேண்டியதில்லை. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தொலைவில் உள்ள தோட்டங்களில் 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 340 வரும். மோட்டாரின் உச்ச முறுக்குவிசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், 340-இல் அது மூன்றில் இரண்டு பங்காகிவிடுகிறது. மோட்டார் சற்று மெதுவாகச் சுற்றுகிறது. சுற்றைக் குறைத்து, கனமான கம்பியால் கட்டினால் லோ வோல்டேஜிலும் வேகம் கிடைக்கும். பம்பு கேட்கும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். நிமிடத்துக்கு 2,750 சுற்றிலிருந்து 2,850-க்கு ஏறினாலே திறன் ஏறக்குறைய 11 விழுக்காடு கூடிவிடும். ஆனால் கூடுவது அவ்வளவுதான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இந்த மோட்டார் 3,000-ஐத் தொட முடியாது, பம்பு அதே பம்பு, 7.5 பத்தாக வழியே இல்லை. பத்து வேண்டுமென்றால் பம்பில் ஸ்டேஜ், அதாவது இம்பெல்லர் அடுக்கு, கூட்ட வேண்டும். கூட்டினால் மோட்டார் கொடுக்கத்தான் செய்யும். காயில் அதைத் தாங்குமா என்பது வேறு கேள்வி. இரவில் வோல்டேஜ் ஏறும்போது, சுற்று குறைந்த காயில் முதலில் சூடேறும்.

வேகத்துக்கு இப்படி ஹெர்ட்ஸ் எல்லை போடாத கடலோரத்து விசைப்படகுகளின் கதை வேறு. டீசல் எஞ்சினைப் பிரித்து மறுபடி கட்டும்போது எரிபொருளைக் கூட்டி, வேகத்தையும் கூட்டிவிட முடியும். அதே புரொப்பெல்லர் மும்மடிக் கணக்கில் கூடுதல் திறனை விழுங்கும். தமிழ்நாட்டில் விசைப்படகுக்கு 240 குதிரைத்திறன் என்று விதிக்கப்பட்டுள்ள வரம்பையும் பிளேட்டை மட்டும் வைத்துக் காப்பாற்ற முடியாது. புரொப்பெல்லரின் அளவும் அது சுற்றும் வேகமும்தான் உண்மையைச் சொல்லும்.

மீண்டும் தோட்டத்து மோட்டாருக்கு வந்தால், காயில் கட்டினாலே அது கெட்டுவிடும் என்பதும் சரியல்ல. அமெரிக்க, பிரிட்டிஷ் மோட்டார் பழுதுபார்ப்போர் சங்கங்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, முறையாகக் கட்டிய காயிலில் பயனுறுதிறன் குறிப்பிடும்படி குறைவதில்லை என்று காட்டியது. முறையாக என்பதில்தான் சிக்கல். பழைய காயிலை எடுக்க மோனோபிளாக் மோட்டாரைக் கண்டபடி எரித்தால், இரும்புத் தகடுகளுக்கு இடையிலுள்ள பூச்சு கருகி, இழப்பு நிரந்தரமாகக் கூடும். இந்தியாவிலேயே செய்த முதல் மின்மோட்டாரை 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உருவாக்கிய ஊர் கோயம்புத்தூர். பம்புகளைச் சோதிக்க சிட்டார்க் என்ற ஆய்வுக்கூடமும் அங்கே இருக்கிறது. புது மோட்டார் தரச் சோதனை கண்டு விற்பனைக்கு வருகிறது. காயில் கட்டிய மோட்டாரையோ, சுற்றுகிறதா என்று பார்த்து லாரியில் ஏற்றிவிடுகிறோம். தை மாதம் கட்டிய மோட்டார் சித்திரையில் தண்ணீர் குறைத்தால் பழி காயில் கடைக்குப் போகிறது. மட்டத்தையும் டிரம் நேரத்தையும் எழுதி வைத்திருந்தால், இறங்கியது போரின் மட்டம்தான் என்று தெரிந்திருக்கும்.

மின்சாரம் இலவசமாயிற்றே, இந்தக் கணக்கு எதற்கு என்பது கடைசி ஆட்சேபம். மும்முனை மின்சாரம் கிடைக்கும் மணி நேரத்துக்கு வரம்பு உண்டு. அதற்குள் எத்தனை லிட்டர் என்பதில்தான் தென்னையின் பாடு இருக்கிறது. ஒரு தோட்டத்துக்காரர் ஸ்டேஜ் கூட்டினால் அதே டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள எல்லாருக்கும் வோல்டேஜ் இறங்கி, அடுத்த தோட்டத்துக் காயில் கருகும். பிளேட்டில் ஹெச்.பி.யைச் சிலர் குறைத்துப் பொறிக்கும் பழக்கத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை: விரைவாகப் பெறும் தட்கல் விவசாய இணைப்பில் 5 ஹெச்.பி.க்கு 2.5 லட்சம் ரூபாய், 10-க்கு 3 லட்சம் என்று கட்டணமே ஹெச்.பி.யைப் பார்த்து ஏறுகிறது. தமிழ்நாட்டில் விவசாய இணைப்புகள் 20 லட்சத்துக்கும் மேல். மீட்டர் இல்லாத அவற்றின் நுகர்வை, பதிவான ஹெச்.பி.யையும் மாதிரி மீட்டர்களையும் கொண்டே அரசு மதிப்பிடுகிறது. அடிப்படை எண்ணே பிளேட்டிலிருந்து வந்ததென்றால் மதிப்பீடு எப்படி நிற்கும்? அதற்காகக் கிணற்றுக்குக் கிணறு மீட்டர் என்றால் கொங்கு விவசாயி ஒப்புக்கொள்ள மாட்டார். யூனிட்டுக்கு ஓரிரு பைசா மின்கட்டண உயர்வை எதிர்த்து விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் 1970-இல் எழுந்த போராட்டத்தையும், அதில் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களையும் இந்த மண் மறக்கவில்லை. டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரு மீட்டர் வைத்தால் யாருடைய தோட்டத்துக்குள்ளும் நுழைய வேண்டியதில்லை. அதன்கீழ் உள்ள மோட்டார்கள் சேர்ந்து எவ்வளவு இழுக்கின்றன என்பது தெரிந்துவிடும், பிளேட்டுகளின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டும் பார்க்கலாம்.