வாழைக்காயும் குடலின் சளிப்படலமும்

வாழைக்காயில் உள்ள மாப்பொருளும் ஃபிளாவனாய்டு வகைச் சேர்மங்களும் இரைப்பை, பெருங்குடல் ஆகியவற்றின் உட்புறச் சளிப்படலத்தைக் காக்க உதவுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த திருவரங்கத்திலும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஆற்றுப்பாசனப் பகுதிகளிலும் வாழை முக்கியப் பயிராகும். தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993 முதல் திருச்சிராப்பள்ளியில் இயங்கி வருகிறது. பூவன், ரஸ்தாளி போன்றவை பழமாக உண்ணப்படுகின்றன. மொந்தன் காயாகச் சமைக்கப்படுகிறது.

சளிப்படலத்தின் பணி

சளிப்படலம் மியூசின் என்னும் புரதங்களால் ஆன கூழ் போன்ற உறை. இரைப்பையில் இது பைகார்பனேட்டைத் தேக்கிவைத்து, அமிலம் சுவரை அரிக்காமல் தடுக்கிறது. பெருங்குடலில் இது இரண்டு அடுக்குகளாக உள்ளது. வெளியடுக்கில் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. உள்ளடுக்கு அவற்றைக் குடற்சுவரை நெருங்க விடுவதில்லை.

இரைப்பையில்

ஆஸ்பிரின் போன்ற வலிநீக்கிகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைக் குறைக்கின்றன. அதனால் சளிச் சுரப்பும் குறைந்து புண் உண்டாகலாம். உலர்ந்த வாழைக்காய்ப் பொடி எலிகளில் இவ்வகைப் புண்ணைத் தடுத்ததாக 1984-இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஃபார்மகாலஜி இதழில் ஓர் ஆய்வு வெளியானது. இப்பாதுகாப்பைத் தரும் பொருள்களுள் ஒன்று லியூக்கோசயனிடின் என்னும் ஃபிளாவனாய்டு என 1999-இல் அறியப்பட்டது.

பெருங்குடலில்

காயில் உள்ள மாப்பொருளின் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து பியூட்டிரேட் முதலிய கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பியூட்டிரேட் குடற்சுவர் உயிரணுக்களுக்கு ஆற்றல் தருகிறது. மியூசின் உற்பத்தியையும் தூண்டக்கூடியது. நார்ச்சத்து கிடைக்காதபோது சில பாக்டீரியாக்கள் சளிப்படலத்தையே உணவாக்கிக் கொள்கின்றன என்பதை 2016-இல் சுண்டெலிகளில் நடந்த ஆய்வு காட்டியது. காய் பழுக்கும்போது மாப்பொருள் சர்க்கரையாக மாறுவதால், பழத்தில் இப்பயன் குறைவு.

வரம்புகள்

வங்காளதேசத்தில் நீடித்த வயிற்றுப்போக்கால் வாடிய குழந்தைகளுக்கு வேகவைத்த வாழைக்காய் பலனளித்ததாக 2001-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆனால் இரைப்பைப் புண் பற்றிய சான்றுகள் பெரும்பாலும் எலிகளில் பெறப்பட்டவை. அவற்றில் பயன்பட்டது உலர்பொடியே. வீட்டில் எண்ணெயில் வதக்கும் பொரியல் அதற்கு ஈடாகும் எனக் கொள்ள முடியாது. மேலும், மனிதர்களில் பல புண்களுக்கு எலிக்கோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா காரணமாக இருப்பதால், அதற்கு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து தேவை. வாழைக்காய் நல்ல உணவு. மருத்துவத்திற்கு மாற்று அன்று. இரத்த வாந்தியோ கருநிற மலமோ கண்டால் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.