கழிவுப் பொருளில் வசந்த கால மயில்

வீட்டில் வேண்டாமென்று ஒதுக்கப்படும் காகிதம், கந்தல், சிரட்டை, நூல் முனை ஆகியவற்றைக் கொண்டு பறவை, விலங்கு உருவங்கள் செய்து, விழாக்காலத்தில் வீட்டை அழகு செய்யும் முறையை இக்கட்டுரையில் விளக்கப் புகுகின்றோம். இது குழந்தைகளின் பொழுதுபோக்குத்தானே என்று அங்கத்தினர்கள் எண்ணிவிடலாகாது. தறி ஓய்ந்திருக்கும் நாட்களில் நெசவாளர் குடும்பத்துப் பெண்டிருக்கும், தென்னை வளர்ப்போருக்கும் இதில் சிறு வருவாய் உண்டு. கணக்கின்றிச் செய்தால் நட்டமும் உண்டு. ஆகவே செய்முறையையும் கணக்கையும் சேர்த்தே கூறுகின்றோம்.

மயிலையும் வசந்தமும்

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்பது நம் முன்னோர் வகுத்த முறை. ஆயினும் சென்னை மயிலாப்பூரில் பங்குனியிலேயே வசந்தக் களை வந்துவிடுகின்றது. கபாலீசுவரர் கோயிலின் பங்குனிப் பெருவிழா பத்து நாட்கள் நடைபெறும். எட்டாம் நாள் அறுபத்து மூவர் திருவுலா. அந்நாளில் மாட வீதிகளில் கூடும் கூட்டம் அங்கத்தினர் பலர் அறிந்ததே. உமையம்மை மயில் உருக்கொண்டு இறைவனைப் பூசித்த தலம் என்பது இவ்வூரின் வரலாறு. ஆகவே இங்கு முதலில் செய்யத்தக்க உருவம் மயிலேயாகும்.

புரட்டாசியில் வடக்கு மாட வீதியில் கொலுப் பொம்மைச் சந்தை கூடுகின்றது. காஞ்சிபுரம், பண்ணுருட்டி, மதுரையை அடுத்த விளாச்சேரி முதலிய ஊர்களில் வழிவழியாகப் பொம்மை செய்வோரின் பிழைப்பு அச்சந்தையை நம்பியது. தெய்வ உருவங்களை அவர்களுக்கே விட்டுவிட்டு, பங்குனி, சித்திரைக்குரிய பறவை விலங்குகளை மட்டும் நாம் மேற்கொள்வது முறையாகும்.

பொருள்கள்

பழைய செய்தித்தாள், முகூர்த்தம் முடிந்த கல்யாணப் பத்திரிகைகள், தேய்ந்த துடைப்பத்தின் ஈர்க்கு, சிரட்டை, தேங்காய் நார், தையற்கடைத் துண்டுத் துணி ஆகியவை போதும். தியாகராய நகரில் தையற்காரர் கடைகளில் அன்றாடம் சேரும் துண்டுகள் சிறிதல்ல. நெசவாளரிடமோ, பாவு தீரும் தறுவாயில் நெய்ய இயலாமல் அறுத்துவிடப்படும் நூல் முனைகள் உள்ளன. தென்சென்னையின் குப்பை நெடுங்காலமாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடியில் கொட்டப்பட்டு வந்தது. அங்கே போய்ச் சேரக்கூடியவற்றில் ஒரு கைப்பிடியை நாம் மீட்டாலும் நன்மையே.

காகிதக் கூழ்

முறத்திற்குப் பூசுவதற்காக நம் பாட்டிமார் காகிதமும் வெந்தயமும் அரைத்த முறையே இதற்கும் அடிப்படை. காகிதத்தைச் சிறு துண்டுகளாகக் கிழித்து இரவு முழுவதும் நீரில் ஊறவைக்க வேண்டும். வெந்தயத்தைத் தனியே ஊறவைக்க வேண்டும். மறுநாள் காகிதத்தைப் பிழிந்து, வெந்தயத்துடன் சேர்த்து, நார் தெரியாதபடி அரைக்க வேண்டும். வெந்தயத்தின் வழவழப்பு கூழை இணைக்கும். அதன் கசப்பு பூச்சிகளை ஓரளவு விலக்கும். மேலும் உறுதி வேண்டின் புளியங்கொட்டைப் பசை சேர்க்கலாம். பூச்சிக்கு அஞ்சிப் பசையில் மயில்துத்தம் கலக்கும் பழைய வழக்கம் உண்டு. அது நஞ்சாதலால், குழந்தைகள் தொடும் பொருளில் அறவே கூடாது.

மயில்

காகிதத்தைக் கசக்கிக் கையளவு உருண்டையாக்கி நூலால் இறுகக் கட்டினால் உடல் அமையும். பழைய கம்பியில் கந்தல் சுற்றிக் கழுத்தாகப் பொருத்துக. இதன் மேல் கூழை மெல்லியதாகப் பூசி, நிழலில் ஒரு நாள் உலர்த்திப் பின் வெயிலில் வைக்க வேண்டும். நன்கு உலர்ந்த பின்னரே அடுத்த பூச்சு. ஒரே முறையில் கனமாகப் பூசினால், மேற்புறம் காய்ந்து உட்புறம் ஈரமாகவே நிற்கும், விரிசல் விழும், பூஞ்சையும் பிடிக்கும்.

தோகைக்கு ஈர்க்குகளை எடுத்து, பச்சை, நீல நூல் முனைகளை அவற்றின் நெடுகிலும் கட்டுக. நுனியில் கல்யாணப் பத்திரிகை அட்டையை வட்டமாக வெட்டி ஒட்டி, நடுவில் நீலத் துணிப் பொட்டு வைத்தால் தோகைக் கண் ஆகும். கோயில் வரலாற்றில் வருவது பெண்மயில். தோகையோ ஆண்மயிலுக்கே உரியது. ஆகவே வாயில் மலரேந்திய தோகையில்லாப் பெண்மயிலும் செய்யலாம். வேலையும் குறையும், மயிலைக்கு அதுவே பொருத்தமும் ஆகும்.

தலையாட்டும் ஆமையும் அணிலும்

சனவரி முதல் ஏப்ரல் வரை, அடையாற்றை அடுத்த பெசன்ட் நகர்க் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. 1988 முதல் மாணவர் குழுவொன்று இரவில் கரையோரம் நடந்து அம்முட்டைகளைக் காத்து வருகின்றது. இப்பருவத்திற்கு ஆமை நல்ல உருவம்.

கண்ணுள்ள பாதிச் சிரட்டையைச் சுரண்டி வழவழப்பாக்குக. ஒரு கண்ணைத் துளைத்து நூல் விட்டு, மேலே முடிச்சிட்டு, உள்ளே ஓர் ஈர்க்கைக் கிடையாகத் தொங்கவிடுக. ஈர்க்கின் நீண்ட பக்கம் ஓட்டுக்கு வெளியே நீண்டு, இலேசான காகிதத் தலையைத் தாங்க வேண்டும். குட்டையான பக்கத்தில் களிமண் உருண்டை எடையாக நிற்க வேண்டும். துணிக்கால்கள் நான்கும் ஓட்டைச் சற்று உயர்த்தி நிறுத்தினால், காற்றுப் பட்டதும் ஆமை தலையாட்டும். குழந்தைகள் விரும்பி நிற்பது இதன் முன்னேதான்.

அணிலுக்குக் கந்தல் உருளையே உடல். முதுகில் மூன்று வெள்ளை நூற்கோடுகள். பிரித்த தேங்காய் நார் வால். குருத்தோலையில் கிளி மடிப்பதைத் தோரணம் கட்டுவோரிடம் கற்கலாம். ஆனால் அது விரைவில் வாடுமாதலால் விழா நாளன்றே செய்ய வேண்டும்.

வண்ணமும் சட்டமும்

வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. மூலையில் கிடக்கும் பழைய டப்பாவிலுள்ள வண்ணம் அதற்கு முந்தியதாயிருக்கலாம். அதைத் தொடாதிருப்பதே நலம். மஞ்சள், செம்மண், நீர்வண்ணம் ஆகியவை போதும்.

மேலும், 2021 சனவரி முதல், 14 வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருள்களுக்குத் தர முத்திரை கட்டாயம். கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் தாமே செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு. விற்க எண்ணுவோர் முதலில் பதிவு செய்துகொள்வது பாதுகாப்பு.

கணக்கு

சங்கம் நூலை எடைபோட்டுக் கொடுத்து, நெய்த துணியை எடைபோட்டுப் பெறுகின்றது. கழிவு முனையும் அந்த எடையில் அடங்கியதே. நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றி, கழிவுக்குச் சிறு விலையிட்டு, இரசீதுடன் அங்கத்தினருக்கு வழங்க வேண்டும். ஜரிகை கலந்த முனைக்குத் தனி மதிப்பு உண்டு. அதை மயில் தோகையில் கட்டிவிடலாகாது.

விலையிடும்போது உழைப்பையும் எண்ண வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு மணி நேர உழைப்பை 70 ரூபாய் எனக் கொள்வோம். ஓர் ஆமையைத் தனியே செய்ய ஒன்றரை மணி ஆனால், கூலி 105, பொருள் 10, ஆக 115 ரூபாய் அடக்கம். அதையே பத்தாகச் சேர்த்து ஆறு மணியில் முடித்தால், கூலி 420, பொருள் 100, ஒன்றின் அடக்கம் 52 ரூபாய். சந்தையில் 60 ரூபாய்தான் கிடைக்குமெனில், தனித்துச் செய்தவருக்கு 55 ரூபாய் நட்டம். சேர்ந்து செய்தவர்களுக்கு 8 ரூபாய் மிச்சம். “பொருள் சும்மா கிடைத்தது” என்று கூலியை மறப்பவர் தம் உழைப்பையே சும்மா கொடுக்கிறார்.

ஆகவே அங்கத்தினர்கள் ஐவர் பத்துப் பேர் கூடி, மாசி மாதத்திலேயே கூழ் அரைக்கத் தொடங்குவார்களாக. பங்குனி வெயில் உலர்த்தித் தரும்; விழாக் கூட்டம் வாங்கிச் செல்லும். கூட்டுறவின் பயன் பெருந்தொழிலில் மட்டுமன்று, ஒரு சிரட்டை ஆமையிலும் விளங்கக் காணலாம்.