சேவைவழிக் கற்றல்

சேவைவழிக் கற்றல் என்பது மாணவர்கள் வகுப்பில் பயிலும் பாடத்தைச் சமுதாயத்தின் ஒரு தேவைக்குப் பயன்படுத்தி, அப்பணியில் கண்டவற்றை மீண்டும் பாடத்தோடு பொருத்திப் பார்க்கும் கல்வி முறையாகும். தொண்டு, களப்பயிற்சி ஆகிய இரண்டிலிருந்தும் இது வேறுபட்டது.

வேறுபாடு

சென்னையின் தென்புறநகரான திருநீர்மலையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நீர் சூழ்ந்த மலையாதலால் இப்பெயர் வந்தது என்பர். இதன் அண்டைப் பகுதிகளான நாகல்கேணி, குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகியவற்றில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் நிலத்தடி நீர் மாசடைந்தது. இங்கு மாணவர்கள் ஏரிக்கரையில் குப்பை அகற்றினால் அது தொண்டு. கிணற்று நீரைச் சோதித்து, அறிக்கை எழுதி, மதிப்பெண் பெற்றால் அது களப்பயிற்சி. எந்தக் கிணறுகளைச் சோதிப்பது என்பதை ஊராரிடமே கேட்டறிந்து, முடிவுகளை அவர்களுக்கு விளங்கும் வகையில் தெரிவித்து, குரோமியத்தின் வேதியியலையும் அத்தொழிலை நம்பி வாழ்வோரின் நிலையையும் வகுப்பில் ஆராய்ந்தால் அது சேவைவழிக் கற்றல் எனப்படும். இம்மூன்றில் கடினமானது இதுவே. "இந்நீரை மாட்டுக்குக் காட்டலாமா?" என்று ஒருவர் கேட்டால் பாடநூலைப் புரட்டி உடனே விடை கூற இயலாது.

வரலாறு

இச்சொல் ஐக்கிய அமெரிக்காவில் 1960களில் வழக்குக்கு வந்தது. எனினும் இதன் நடைமுறை பழையது. கல்வி மறுக்கப்பட்ட கறுப்பின மக்களுக்காக அந்நாட்டில் நிறுவப்பட்ட கல்லூரிகள் இதற்கு முன்னோடிகள் எனலாம். அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி கல்வி நிலையம் 1881 இல் புக்கர் டி. வாசிங்டனின் தலைமையில் தொடங்கியது. ஏழை உழவர்கள் கல்லூரிக்கு வர இயலாமையால், 1906 இல் கருவிகளையும் விதைகளையும் ஏற்றிய வண்டியொன்று அவர்களின் ஊர்களுக்கே அனுப்பப்பட்டது. அதன் திட்டத்தில் அறிவியலாளர் சார்ச் வாசிங்டன் கார்வரின் பங்கு பெரிது. அக்கல்லூரி மாணவர்களில் பலர் அத்தகைய உழவர் குடும்பங்களிலிருந்தே வந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு காந்திகிராமம் ஆகும். டி. எஸ். சௌந்தரம், ஜி. இராமச்சந்திரன் ஆகியோர் 1947 இல் திண்டுக்கல் அருகே இதனை நிறுவினர். 1956 இல் தொடங்கிய அதன் கிராமியக் கல்வி நிறுவனம் 1976 இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. மாணவர்கள் கிராமங்களில் தங்கிப் பணியாற்றுவது அங்குப் பாடத்திட்டத்தின் ஒரு கூறாகும்.

பிற கல்லூரிகளில் பெரிதும் அறியப்பட்டது நாட்டு நலப்பணித் திட்டம். காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் இது தொடங்கப்பட்டது. தொண்டர் ஒருவர் ஆண்டுக்கு 120 மணி நேரமாக இரண்டு ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். 7 நாள் சிறப்பு முகாமும் உண்டு. தாம் பணிபுரியும் சமுதாயத்தைப் புரிந்துகொள்வதே இதன் முதல் நோக்கமாகக் கூறப்பட்டுள்ளது. ஆனால் வேதியியல் மாணவரும் வரலாற்று மாணவரும் முகாமில் ஒரே மண்வெட்டியைத்தான் பிடிக்கின்றனர். அவரவர் பயிலும் பாடத்துக்கு அங்குப் பெரும்பாலும் வேலை இருப்பதில்லை. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் இளநிலைப் படிப்பில் இத்தகைய விரிவாக்கப் பணிகள் ஐந்தாம் பகுதியாக, தனியே, 1 கிரெடிட்டுடன் வைக்கப்பட்டுள்ளன.