பேரலைக்குப் பின் எழுதிய மென்பொருள்

அனர்த்த காலத்தில் நிவாரணப் பணிகளை ஒழுங்குபடுத்துவதற்கென இலங்கையில் எழுதப்பட்ட மென்பொருள் சஹானா. 2004 டிசெம்பர் 26-ஆம் திகதி சுனாமி தாக்கிய சில நாட்களில் தன்னார்வ நிரலாளர்கள் இதை எழுதத் தொடங்கினார்கள். சில வாரங்களிலேயே அது வேலை செய்யத் தொடங்கியது. அண்மைக்காலக் கணினி வரலாறு என்றதும் திறன்பேசியும் செயற்கை நுண்ணறிவும்தான் பேசப்படுகின்றன. அந்த வரிசையில் சஹானாவுக்கும் ஓர் இடம் உண்டு. அதை முதலில் நினைவில் வைத்திருக்க வேண்டியவர்கள் அம்பாறைக் கரையோர மக்கள்.

சுனாமி தாக்கிய அன்று காலை ஏழு மணிக்குச் சற்று முன் சுமாத்திராவுக்கு மேற்கே கடலடியில் நிலம் அதிர்ந்தது. ஹவாயில் 1949 முதல் இயங்கிவந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் கால் மணி நேரத்தில் அதைக் கண்டுகொண்டது. ஆனால் முதற் கணக்கில் அதிர்வின் அளவு 8.0 என்றே வந்தது. உண்மை அளவு 9.1, வெளிப்பட்ட ஆற்றலில் இந்த வேறுபாடு 40 மடங்குக்கும் அதிகம். கணக்கு சரியாக வந்திருந்தாலும் செய்தியைக் கரைக்குக் கொண்டு சேர்க்க இந்து சமுத்திரத்தில் எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அலை கிழக்கிலங்கையை அடைந்தது. நாட்டில் உயிரிழந்த 30,000-க்கும் மேற்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் அம்பாறை மாவட்டத்தவர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று கரை நெடுகிலும் குடியிருப்புகள் அழிந்தன.

அடுத்து வந்தது தகவல் நெருக்கடி. தப்பியவர்கள் பள்ளிக்கூடங்களிலும் பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் தங்கினார்கள். யார் எந்த முகாமில் இருக்கிறார், யாரைக் காணவில்லை என்பதெல்லாம் ஒவ்வோர் இடத்திலும் தனித்தனிக் கொப்பிகளில் எழுதப்பட்டன. ஒரு முகாமின் பட்டியலில் உள்ள பெயரை இன்னொரு முகாமில் தேடும் தாய்க்கு அந்தக் கொப்பி எட்டாது. உள்நாட்டு, வெளிநாட்டு உதவி அமைப்புகள் நூற்றுக்கணக்கில் வந்து இறங்க, யார் எங்கே என்ன கொடுக்கிறார் என்பதை ஒரே இடத்தில் பார்க்கவும் வழி இல்லை. ஒரே இடத்துக்கு உடுதுணி குவிய, மற்றோர் இடம் குடிதண்ணீருக்குத் தவிக்கும் நிலை இப்படித்தான் உருவாகிறது.

லங்கா மென்பொருள் மன்றத்தைச் சுற்றித் திரண்ட நிரலாளர்கள் இந்தச் சிக்கலைப் பகுதி பகுதியாகப் பிரித்தார்கள். காணாமற்போனோர் பதிவேடு ஒன்று, உதவி அமைப்புகளின் பதிவேடு ஒன்று, முகாம்களின் பதிவேடு ஒன்று, தேவைகளையும் கிடைக்கும் பொருட்களையும் பொருத்திப் பார்க்கும் பகுதி ஒன்று. எல்லாம் ஒரே தரவுத்தளத்தின் மேல் நின்றன. இணைய உலாவி உள்ள எந்தக் கணினியிலும் பார்க்கலாம். பயன்படுத்திய கருவிகள் பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும், அதாவது அந்நாளில் சாதாரண இணையத்தளங்களைக் கட்டப் பயன்பட்ட இலவசக் கருவிகள். நுட்பத்தில் புதுமை எதுவும் இல்லை. அனர்த்த நிவாரணம் முழுவதையும் ஒரே பொதுப் பதிவாகக் கண்டு, அதை யாரும் எடுத்துப் பயன்படுத்தத் திறந்துவிட்டதுதான் புதுமை. கொழும்பில் அரசாங்கம் அமைத்த தேசிய செயற்பாட்டு நிலையம் அதைப் பயன்படுத்தியது.

காணாமற்போனோரைத் தேடும் எந்த மென்பொருளுக்கும் பெரிய சோதனை பெயர்கள்தான். கல்முனைப் பக்கத்தில் முகம்மது என்ற பெயரை முஹம்மத், மொஹமட் என்றெல்லாம் எழுதுவார்கள். ஆங்கில எழுத்துக்குப் போனால் வடிவங்கள் இன்னும் பெருகும். நற்பிட்டிமுனை என்ற ஊர்ப்பெயரும் ஆங்கிலத்தில் ஒரே சீராக எழுதப்படுவதில்லை. தந்தையின் பெயரை ஒருவர் முழுதாக எழுதுவார், இன்னொருவர் முதலெழுத்தோடு நிறுத்துவார். கணினிக்கோ ஓர் எழுத்து மாறினாலும் ஆள் வேறு. எழுத்தை விட்டு ஒலியை வைத்துப் பெயர்களைப் பொருத்தும் சவுண்டெக்ஸ் என்ற முறைக்கு 1918-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. ஆனால் அது ஆங்கில உச்சரிப்புக்காகச் செய்யப்பட்டது. அரபு வழிப் பெயர்களைத் தமிழ் நாவால் சொல்லி, ஆங்கில எழுத்தில் பதியும் ஒரு கரையோரத்துக்கு அது போதாது. இந்தக் குறை இன்றும் முழுதாகத் தீரவில்லை.

முதல் நெருக்கடி தணிந்ததும் வேலை நின்றுவிடவில்லை. சுவீடன் அரசின் அபிவிருத்தி நிறுவனமான சீடாவின் நிதியுதவியுடன் 2005-இல் மென்பொருள் புதிதாகத் திருத்தி எழுதப்பட்டது. அந்த ஆண்டு ஒக்டோபர் 8-இல் காஷ்மீர்ப் பகுதியில் நிலம் அதிர்ந்தபோது பாகிஸ்தான் சஹானாவை எடுத்துக்கொண்டது. 2006-இல் பிலிப்பைன்ஸின் தென் லெய்ட்டே மண்சரிவு, இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நிலநடுக்கம், பின்னர் பெரு, சீனாவின் சிச்சுவான் என்று அது பயணப்பட்டது. 2006-ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹானாவுக்கு வழங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு அவ்விருதைப் பெற்றது விக்கிப்பீடியா. 2010 ஜனவரி 12-இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தில் இடிந்து வீழ்ந்தபோது, பைத்தன் மொழியில் எழுதப்பட்ட சஹானாவின் அடுத்த வடிவம் களத்தில் இருந்தது. முன்னதாக 2009-இல் அமெரிக்காவில் சஹானா மென்பொருள் அறக்கட்டளை பதிவுசெய்யப்பட்டிருந்தது.

இதே காலத்தில் இன்னொரு பக்கத்திலும் வேலை நகர்ந்தது. 2005-இல் கத்ரீனா சூறாவளிக்குப் பின் அமெரிக்காவில் காணாமற்போனோர் பட்டியல்கள் பல இணையத்தளங்களில் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தமக்குள் பரிமாறிக்கொள்ள ஒரு பொது வடிவம் வகுக்கப்பட்டது. ஹெயிட்டிக்காகக் கூகுள் திறந்த ஆள்தேடல் சேவை அந்த வடிவத்தின் மேல் எழுந்தது. கல்முனையில் கொப்பிகளாக இருந்த சிக்கல்தான் அங்கே இணையத்தளங்களாக இருந்தது.

எச்சரிக்கைத் துறையும் விழித்துக்கொண்டது. இலங்கையில் 2005-ஆம் ஆண்டின் 13-ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. ஹைதராபாத்தில் இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை நிலையம் 2007 ஒக்டோபரில் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11-இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது, பெரிய அலை எதுவும் வராவிட்டாலும், இலங்கையின் கரையோர மக்கள் முன்கூட்டியே உள்நாட்டுப் பக்கம் அனுப்பப்பட்டார்கள்.

கொவிட்-19 காலத்தில் இலங்கை நிரலாளர்கள் மறுபடியும் முந்திக்கொண்டார்கள். ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் வளர்ந்த டிஎச்ஐஎஸ்-2 என்ற திறந்த மென்பொருளை அடித்தளமாகக் கொண்டு, சுகாதார அமைச்சுடன் இணைந்து, நோய்க்கண்காணிப்புப் பகுதியை 2020 ஜனவரியிலேயே அமைத்தார்கள். நாட்டுக்குள் வரும் பயணிகளைப் பதிந்து தொடர்ந்து கவனிப்பதே அதன் முதல் வேலை. அந்த வடிவமைப்பை ஒஸ்லோ குழு பொதுத் தொகுப்பாக்கி வெளியிட, 40-க்கும் மேற்பட்ட நாடுகள் அதைத் தம் நாட்டுக்கேற்ப மாற்றிக்கொண்டன.