பாட்டிலில் 'நான்-டாக்ஸிக்' என்று இருந்தால் போதுமா? வீட்டில் துப்பாக்கி துடைப்பவர்கள் கவனத்துக்கு!

செப்டம்பர் 3-ம் தேதி என்றால் குடகு மலையில் 'கைல்போது' திருவிழா. வயலில் நடவு முடிந்த கையோடு, நம் ஊர் ஆயுத பூஜையைப் போல, கொடவர்கள் வீட்டுத் துப்பாக்கிகளைத் துடைத்து வைத்து வணங்குவார்கள். குழல் முனையில் 'தோக் பூ' செருகுவது வழக்கம். தோக் என்றால் துப்பாக்கி. அந்தப் பூ வேறொன்றுமில்லை, தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள்தான்! துப்பாக்கி லைசென்ஸ் வாங்குவதிலிருந்து கொடவர்களுக்கு ஆங்கிலேயர் காலம் தொட்டே விலக்கு இருக்கிறது. 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது.

தமிழ்நாட்டிலும் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. தேர்தல் அறிவிப்பு வந்ததும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, எல்லாம் முடிந்து திரும்ப வாங்கி வரும்போது முதல் வேலையே துடைத்து எண்ணெய் போடுவதுதான். போதாதற்கு, கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் போன்றவர்களைப் பார்த்து ஏர் ரைஃபிள் பக்கம் வரும் பள்ளிப் பிள்ளைகள் வேறு. ஆக, ஹாலில் பேப்பரை விரித்துப் போட்டுத் துப்பாக்கி துடைப்பது சினிமாக் காட்சி மட்டுமல்ல.

இந்த வீடுகளில் குழந்தைகளும் இருக்கிறார்கள். அதனால்தான் 'நேச்சுரல்', 'நான்-டாக்ஸிக்' என்ற வார்த்தைகளைப் பார்த்ததும் கை தானாக அந்த பாட்டிலை எடுக்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால், அந்த லேபிள் பாட்டிலுக்குள் இருப்பதைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. துடைத்த துணியில் ஒட்டிக்கொண்டு வரும் கறுப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

அந்தக் கறுப்பு என்ன?

பெரும் பகுதி கரி. அதோடு கலந்திருப்பது காரீயம். குண்டும் சரி, ஏர் ரைஃபிள் பெல்லட்டும் சரி, பெரும்பாலும் காரீயத்தில் செய்யப்படுபவை. தோட்டாவின் அடியில் தீப்பொறி உண்டாக்கும் பிரைமரிலும் பொதுவாகக் காரீயச் சேர்மம் உண்டு. சுடும்போது இவை பொடியாகிக் குழலின் உள்ளே படிகின்றன.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பாட்டி ரசம் வைத்த ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். இது வேறு, காரீயம். இதில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே அளவு காரீயம் வயிற்றுக்குள் போனாலும், பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் 4 முதல் 5 மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தொடும். கர்ப்பிணியின் ரத்தத்தில் இருந்தால் வயிற்றிலிருக்கும் சிசுவுக்கும் போய்ச் சேரும்.

எனவே, எந்த எண்ணெய் என்ற கேள்விக்கு முன்னால் எங்கே, எப்படி என்ற கேள்விகள் வருகின்றன. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, திறந்த வராந்தாவிலோ மாடியிலோ உட்கார்வது நல்லது. சாப்பாட்டு மேஜை கூடவே கூடாது; கழுவுவதற்குச் சமையலறை சிங்க்கும் வேண்டாம். காய்ந்த பிரஷ்ஷை விட்டுத் தேய்த்தால் பொடி பறக்கும். முதலில் ஈரத்துணியை விட்டு நனைத்துக்கொண்டால் பறக்காது. கையில் நைட்ரைல் கையுறை. முடிந்ததும் தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

பாட்டிலில் என்ன பார்ப்பது?

அமெரிக்காவில் 1903 முதல் விற்பனையில் இருக்கும் ஹாப்பீஸ் நம்பர் 9 என்ற திரவம் அங்கே பல வீடுகளில் தாத்தா காலத்து வாசனை. மண்ணெண்ணெய், ஆல்கஹால், அம்மோனியா எல்லாம் சேர்ந்த கலவை அது. நன்றாகவே வேலை செய்யும். ஆனால், ஜன்னல் மூடிய அறைக்கு ஏற்றதல்ல. ஜெர்மனியின் பாலிஸ்டால் 1904-ல் வந்தது. சுத்திகரித்த மினரல் ஆயில்தான் இதற்கு அடிப்படை, நெடியின் கடுமையும் குறைவு. ஆனால், ஸ்ப்ரே டப்பாவாக வாங்கினால் உள்ளே எரியும் வாயு இருக்கிறது, அடுப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

லேபிளின் முன்பக்க வாசகங்களை விட்டுவிட்டு, அந்தத் தயாரிப்பின் 'சேஃப்டி டேட்டா ஷீட்'டை இணையத்தில் தேடிப் பாருங்கள். 2-வது பகுதியில் ஆபத்துகளும், 3-வது பகுதியில் சேர்மானங்களும் இருக்கும். 'டெட்ராகுளோரோஎத்திலீன்' என்ற பெயர் கண்ணில் பட்டால் வைத்துவிடலாம். வண்டிகளின் பிரேக்கைச் சுத்தம் செய்யும் சில ஸ்ப்ரேக்களில் இருக்கும் பொருள் இது. பொதுமக்கள் பயன்பாட்டுக்கான பொருள்களில் இதற்குத் தடை விதித்து 2024 டிசம்பரில் அமெரிக்கா விதி கொண்டுவந்தது.

எண்ணெய்க்கு எளிய தேர்வு, உணவுத் தொழிற்சாலை இயந்திரங்களுக்குப் போடும் ஃபுட் கிரேட் மினரல் ஆயில். 'ஹெச்1' என்ற குறியீடு இருக்கும். தேங்காய் எண்ணெய் போதாதா என்றால், போதாது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும்; குடகின் குளிருக்குச் சொல்லவே வேண்டாம். மற்ற சமையல் எண்ணெய்கள் நாள்பட்டால் பிசினாகி, நகர வேண்டிய பாகங்களை ஒட்ட வைத்துவிடும்.

கரிமருந்து கெட்டித்துச் சுடும் பழைய துப்பாக்கிகளுக்கு இன்னும் சுலபம். அந்தக் கசடு தண்ணீரிலேயே கரையும். சோப்புக் கலந்த வெந்நீர், பிறகு ஈரம் போகத் துடைத்து எண்ணெய். இத்தனை மலிவான கிளீனரை எந்தக் கம்பெனியும் விளம்பரம் செய்யப்போவதில்லை!

ஏர் ரைஃபிள் விஷயம் வேறு. அதன் குழலுக்குள் விடுவதற்கென்றே கம்பளிப் பெல்லட்டுகள் கிடைக்கின்றன. திரவமே இல்லாமல் வேலை முடிந்துவிடும். ஸ்பிரிங் வகையில் காற்று அழுத்தும் அறைக்குள் சாதா எண்ணெய் போனால், அழுத்தத்தின் சூட்டில் டீசல் இன்ஜின் போலப் பற்றிக்கொள்ளும். போட்டி ரைஃபிள்களின் சிலிண்டரில் காற்றழுத்தம் 200 பார் வரை இருக்கும். அங்கே பெட்ரோலிய எண்ணெய் படவே கூடாது. தயாரிப்பாளர் சொல்லும் சிலிக்கான் கிரீஸ் மட்டும்தான்.

விஷமாகும் வினிகர்

இணையத்தில் சுற்றும் 'இயற்கை' குறிப்புகளில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் கலந்து ஊறவைத்தால் காரீயப் படிவு கரைந்துவிடும் என்கிறார்கள். உண்மை, கரையும். கரைந்து லெட் அசிடேட் ஆகிவிடும். இனிப்புச் சுவை கொண்ட, தோல் வழியாகவும் உடலுக்குள் போகக்கூடிய கடும் விஷம் அது. அதுவரை குழலில் ஒட்டிக்கொண்டிருந்த காரீயம் வீட்டுக்குள் ஒரு கிண்ணம் திரவமாக நிற்கும். ஊற்றப்போவது வாஷ்பேசினில்தானே? இயற்கை என்றாலே சாது என்றால், அந்தச் செங்காந்தள் கிழங்கும் உயிரைப் பறிக்கும் நஞ்சுதான்.

துடைத்த பிறகு

நம் வீடுகளில் பழைய துணி லேசில் குப்பைக்குப் போகாது. துப்பாக்கி துடைத்த துணி அடுத்த வாரம் அடுப்படியில் கரித்துணியாக மாறிவிடக் கூடாது. மூடி போட்ட டப்பாவில் போட்டு, தனியாக அப்புறப்படுத்துங்கள். அடுப்பில் போட்டு எரிக்கவும் வேண்டாம். போட்டிருந்த உடையைக் குழந்தைகளின் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்க வேண்டும். பயிற்சி முடிந்து வரும் பிள்ளைகள் கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே டிபன் பாக்ஸைத் திறக்கட்டும். பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்த வேண்டும்.

மண்ணெண்ணெயோ கிளீனரோ, மீந்ததைத் தண்ணீர் பாட்டிலிலும் குளிர்பான பாட்டிலிலும் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து இருக்கிறது. உடனே 108-ஐ அழைத்து, அந்த பாட்டிலையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

வாரம் தவறாமல் சுடும் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால், ரத்தத்தில் காரீய அளவைப் பார்க்க வேண்டுமா என்று குழந்தைகள் நல மருத்துவரிடம் கேட்கலாம். ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ம் ஆண்டு வழிகாட்டுதல்.